டேகா, கிடுகா, வல்லூறு

அக்கா,

இன்று காலை உங்கள் மாப்பிள்ளை வந்திருந்தான். ஓசூரில் நான் இப்போது இருக்கிற மூன்றாவது மாடி வீட்டுப் பால்கனியில், ஏ.சி. பெட்டியின் மேல், காலடியில் ஒரு ஓணானை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். துணி எடுக்கப் போனவள் வாளியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டேன். சாம்பல் முதுகு, மார்பில் செங்கல் நிறத்தில் குறுக்குக் கோடுகள், தொண்டைக்கு நடுவே பேனாவால் இழுத்த மாதிரி ஒரு மெல்லிய கோடு. புறா அளவுகூட இருக்க மாட்டான். ஆனாலும் அந்தச் சிவப்புக் கண்ணால் ஒரு பார்வை பார்த்தானே, வீடு அவனுடையது, நான்தான் வாடகைக்கு இருக்கிறேன் என்பது போல.

பக்கத்து வீட்டுப் பெண் அவள் பால்கனியிலிருந்து போனில் படம் பிடித்தாள். வீட்டில் உட்கார்ந்தே பெங்களூர் கம்பெனிக்கு வேலை பார்க்கிற பெண். இரண்டு நிமிடத்தில் அதன் ஜாதகத்தையே தேடி எடுத்துவிட்டாள். "ஷிக்ரா ஆன்ட்டி. தமிழ்ல வல்லூறாம். அழிஞ்சுபோற லிஸ்ட்ல எல்லாம் இல்ல, 'லீஸ்ட் கன்சர்ன்'னு போட்டிருக்கு. நிறைய இருக்குதாம். கவலைப்பட ஒண்ணுமில்ல." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தேன். கவலைப்பட ஒன்றுமில்லை என்று இவ்வளவு சுலபமாக ஒருத்தி சொல்லிவிட்டுப் போக, முப்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக நான் கவலைப்பட்டுக்கொண்டே இருக்கிறேன். அதை உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நீங்கள் போன பிறகு கடிதம் எழுதுகிறேன், என் லட்சணம் அப்படி.

தொண்ணூறுகளின் நடுவில் காவேரிப்பட்டினத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து உங்கள் வீட்டுப் பின்கட்டு அறையில் குடியேறினேன். பாகலூர் ரோட்டில் புதிதாக வரப்போகிற ஒரு கம்பெனியில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை. கட்டடம் இன்னும் வரவில்லை, அதுவரைக்கும் டவுனுக்குள் ஒரு தகரக் கொட்டகையில்தான் ஆபீஸ். முதல் நாள் என் பெயரைக் கேட்டீர்கள், சொன்னேன், அடுத்த நிமிடம் மறந்துவிட்டு "டைப்பம்மா" என்று கூப்பிட்டீர்கள். கடைசி வரைக்கும் அதுதான் என் பெயர்.

உங்கள் வீட்டை ஒட்டி ஒரு புளியந்தோப்பு இருந்தது. உங்களுடையது இல்லை. கிருஷ்ணகிரியில் இருந்த யாரோ ஒருவருடையது. அவர் அதை எங்கள் கம்பெனிக்கு விற்று ஆறு மாதம் ஆகியிருந்தது. தோப்பின் வடக்கு ஓரத்தில் ஒரே ஒரு பெரிய மாமரம். அதில்தான் உங்கள் எதிரியும் அவன் பெண்டாட்டியும் இருந்தார்கள்.

நான் வந்த இரண்டாம் நாள் வாசலில் ஏழெட்டுக் கோழிக்குஞ்சுகள் ரோஸ் நிறத்தில் ஓடின. எனக்குக் கண்ணில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். நீங்கள் ஒரு குண்டானில் சாயப்பொடியைக் கரைத்து, ஒவ்வொரு குஞ்சாகப் பிடித்து முக்கி எடுத்துக்கொண்டிருந்தீர்கள். முழங்கை வரைக்கும் ரோஸ். "இந்தக் கலரைப் பாத்தா மாப்பிள்ளைக்குப் பயம். என்னமோ ஏதோன்னு கிட்ட வர மாட்டான்" என்றீர்கள். எந்த மாப்பிள்ளை என்று கேட்டேன். மாமரத்தைக் காட்டினீர்கள். "அதோ, மேல குந்திக்கினு இருக்கான் பாரு. சொல்லாம கொள்ளாம வருவான், கோழிதான் வேணும்பான், தின்னுட்டு ஒரு வார்த்த சொல்லாம போயிடுவான். அப்ப மாப்பிள்ளைதானே?"

அன்றைக்கு நீங்கள் கையைத் துடைக்க என் வெள்ளைச் சேலையின் தலைப்பை எடுத்துக்கொண்டதை நான் ஒரு மாதம் மன்னிக்கவில்லை.

சாயம் பலிக்கவில்லை என்பது வேறு கதை. அவன் ரோஸ் குஞ்சையும் தூக்கினான். நீங்கள் விளக்குமாற்றோடு தோப்புக்குள் ஓடித் தெலுங்கில் திட்டினீர்கள். வீட்டில் பேசுகிற பாஷை தெலுங்கு, சந்தையில் கன்னடம், என்னிடம் தமிழ். ஆனால் திட்டு எப்போதும் தெலுங்கில்தான் வரும். திட்டி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு வந்து, "பொட்டை கூட்டுக்குச் சுள்ளி பொறுக்கறா. மாசி பொறந்துட்டுதில்ல" என்பீர்கள். அவர்கள் வீட்டு விவரம் உங்களுக்கு அத்துப்படி. எந்தக் கிளையில் சுள்ளி வைக்கிறாள், அவன் என்ன கொண்டுவந்து கொடுக்கிறான், போன வருஷம் எத்தனை குஞ்சு பறந்தது, எல்லாம். சொந்தக்காரர்களைப் பற்றிக்கூட நீங்கள் அவ்வளவு சொன்னதில்லை.

அந்த மாசியில்தான் பெங்களூரிலிருந்து அறிக்கை எழுதுகிறவர் வந்தார். கட்டடம் கட்டுவதற்கு முன்னால் அந்த இடத்தில் என்ன மரம், என்ன மிருகம், என்ன பறவை இருக்கிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அவர் மண்ணும் தண்ணீரும் பார்க்கிற ஆள். பறவை அவருக்குத் தெரியாது, அதை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். கன்னடமும் இங்கிலீஷும்தான் பேசுவார். கூட எங்கள் சூப்பர்வைசர் வந்தார், சித்தூர்ப் பக்கத்துக்காரர், வாயைத் திறந்தால் தெலுங்கு, தமிழும் பேசுவார். குறிப்பெடுக்க நான். உச்சி வெயில் நேரம், தோப்பில் ஒரு காக்கை சத்தம்கூட இல்லை. யாரிடமாவது கேட்கலாம் என்று உங்கள் வாசலுக்கு வந்தோம்.

நீங்கள் மோர் கொடுத்தீர்கள். அவர் என்னென்ன பறவை இருக்கிறது என்று கேட்டார். மைனா, கிளி, செம்போத்து என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில்தான் அதைச் சொன்னீர்கள். முதலில் என்னைப் பார்த்து, "வல்லூறு இருக்குது டைப்பம்மா, எழுதிக்க." பிறகு சூப்பர்வைசரைப் பார்த்து, "டேகா உந்தண்டி." பிறகு பெங்களூர்க்காரரைப் பார்த்து, "கிடுகா இதெ சார்." மூன்று பேருக்கும் மரியாதை குறையக் கூடாது, மூன்று பேருக்கும் புரிய வேண்டும் என்று ஒன்றையே மூன்று தடவை சொன்னீர்கள். எங்கள் பக்கம் யாரும் செய்கிறதுதான். பஸ் ஸ்டாண்டில் வழி சொல்கிறவன்கூட அப்படித்தான் சொல்வான்.

அதற்கப்புறம் நீங்கள் கேட்டதுதான் முக்கியம். "மாமரத்துல கூடு கட்டுதுங்க. ஒரு ஜோடிதான். சுத்துவட்டாரத்துல வேற கிடையாது. மத்த மரத்தையெல்லாம் வெட்டிக்குங்க, நான் யாரு கேக்கறதுக்கு. இது ஒண்ணை மட்டும் ஆனி வரைக்கும் உடுங்க. குஞ்சு பறந்துட்டா நானே வந்து கோடாலி எடுத்துக் குடுக்கறேன்."

சூப்பர்வைசர் சிரித்தார். "உங்க கோழியத் தின்னுதுன்னு நேத்துதானேம்மா கத்துனீங்க?"

"கத்துவேன். அது எனக்கும் அவனுக்கும். புள்ள பெத்தவ வீட்ட இடிக்கச் சொல்லி நான் உங்கக்கிட்ட சொன்னேனா?"

அவசரத்தில் நீங்கள் தமிழிலேயே சொல்லிவிட்டதை, நான் கன்னடத்தில் எனக்குத் தெரிந்த மட்டும் சொல்லிப் புரியவைத்தேன். பெங்களூர்க்காரர் நல்ல மனுஷர். ஒரே ஜோடிதான் என்றால் அந்த மரத்தைக் குஞ்சு பறக்கும்வரை விட்டுவைக்கும்படி ஒரு வரி எழுதுகிறேன் என்றார். உங்களுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அவருக்கு இன்னொரு டம்ளர் மோர்.

பத்து நாள் கழித்து அவர் கையால் எழுதிய அறிக்கை தபாலில் வந்தது. நான் டைப் அடித்து, அன்று மாலையே மேனேஜரிடம் கொடுக்க வேண்டும். பறவைப் பட்டியல் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தது. உள்ளூர்ப் பெயர் என்று ஒரு கட்டம், நிலை என்று ஒரு கட்டம். பாதிப் பக்கத்துக்கு மேல் அடித்த பிறகுதான் கவனித்தேன். வல்லூறு, ஒரு வரி. டேகா, ஒரு வரி. கிடுகா, ஒரு வரி. மூன்றுக்கும் எதிரில் நிலை என்ற கட்டத்தில் "காமன்". சாதாரணமாகக் காணப்படுவது. கீழே ஒரு குறிப்பு: வேட்டைப் பறவைகளில் மூன்று வகைகள் இருப்பதால் இப்பகுதியில் அவற்றுக்குக் குறைவில்லை. மாமரத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அவருக்குத் தமிழும் தெரியாது, தெலுங்கும் தெரியாது. அவர் நோட்டில் மூன்று பெயர் இருந்தது, மூன்று பறவை என்று நினைத்துவிட்டார். ஒரு ஜோடி என்று நீங்கள் சொன்னது அந்தக் கும்பலில் காணாமல் போய்விட்டது.

எனக்குத் தெரியும் அக்கா. அந்த நிமிடமே தெரியும். இதை எழுதத்தான் இந்த மடல்.

மேனேஜர் அறைக்குப் போய், "சார், இது மூணும் ஒண்ணுதான், பெங்களூருக்கு ஒரு போன் போடணும்" என்று சொல்லியிருக்கலாம். பத்து அடி தூரம். ஆனால் பக்கத்தை மறுபடி முதலிலிருந்து அடிக்க வேண்டும், நான்கு கார்பன் காப்பியோடு. மணி ஐந்து பத்து. ஐந்தரைக்குக் கம்பெனி பஸ். இன்னொன்றும் இருந்தது. என்னை நிரந்தரம் ஆக்குகிற கடிதம் அந்த வாரம்தான் மேனேஜர் மேஜைக்கு வந்திருந்தது. பெரிய மனிதர் எழுதியதில் டைப்பிஸ்ட் குற்றம் கண்டுபிடிப்பதா என்று பயம். இதையெல்லாம் யார் படிக்கப்போகிறார்கள் என்று ஒரு சமாதானம். மேனேஜர் கதவிலிருந்து எட்டிப் பார்த்து, "ஆச்சாம்மா?" என்றார். "ஆச்சு சார்" என்றேன்.

பஸ் கிடைத்தது. ஜன்னலோர சீட்டும் கிடைத்தது.

இறங்கி வந்தபோது நீங்கள் அடுப்படியில் இருந்தீர்கள். "நம்ம மாப்பிள்ளை சமாச்சாரம் எழுதினியா?" என்று கேட்டீர்கள். "எழுதினேன் அக்கா" என்றேன். அது பொய்யும் இல்லை. நீங்கள் அதை நம்பி நிம்மதியாக இருந்தீர்கள். காகிதத்தில் ஏறிவிட்டது, இனி யாரும் தொட மாட்டார்கள் என்று பால்காரரிடமும் தையல்காரரிடமும் சொன்னீர்கள். மரம் வெட்டுகிற ஆட்கள் தென்பக்கத்திலிருந்து வெட்டிக்கொண்டே வந்தார்கள். நீங்கள் அசையவில்லை. "அது வேற. நம்மது காகிதத்துல இருக்குது."

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமரத்துக்கு வந்தார்கள். கூட்டில் மூன்று குஞ்சுகள் இருந்தன. வெள்ளைப் பஞ்சு போய், இறக்கை முளைக்கத் தொடங்கியிருந்த பருவம். இன்னும் பதினைந்து நாள் போதும் என்று முந்தின நாள்தான் சொல்லியிருந்தீர்கள். கோடாலிச் சத்தம் கேட்டு ஓடினீர்கள், பின்னாலேயே நான். ஆணும் பெண்ணும் தலைக்கு மேலே "டிட்டூ, டிட்டூ" என்று கத்திக்கொண்டு சுற்றின. நீங்கள் மரத்தில் சாய்ந்து நின்றுகொண்டு, காகிதத்தைப் பாருங்கள் என்றீர்கள்.

சூப்பர்வைசர் சண்டைக்காரர் இல்லை. பைக் பெட்டியிலிருந்து அறிக்கையை எடுத்து, பக்கத்தைத் தேடி, விரலை வைத்துப் படித்தார். "அம்மா, மரத்தப் பத்தி ஒண்ணும் போடலையே. இந்த ஏரியாவுல மூணு ஜாதி இருக்குதாம். எல்லாமே நெறைய இருக்குதாம். ஒரு கூடு போனா என்னம்மா?"

"மூணா?" என்றீர்கள்.

"ஆமா. டேகா, கிடுகா, வல்லூறு. பாருங்க, வரிசையா இருக்குது."

உங்களுக்கு எழுத்து தெரியாது. ஆனாலும் குனிந்து அந்தக் காகிதத்தைப் பார்த்தீர்கள். பிறகு விரலை மடக்கினீர்கள். ஒன்று. இரண்டு. மூன்று. "அட என் தலையெழுத்தே" என்றீர்கள், மெதுவாக. "ஒண்ணைத்தானேய்யா மூணு பேருக்கும் சொன்னேன்."

சூப்பர்வைசருக்கும் சங்கடமாகிவிட்டது. கோடாலிக்காரர்களைக் கையமர்த்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஏம்மா, நீங்கதானே டைப் பண்ணீங்க. ஒண்ணா, மூணா? ஒண்ணுதான்னா சொல்லுங்க, நாளைக்கு மேனேஜரக் கேட்டுட்டு வந்து வெட்டறேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். என் நிரந்தரக் கடிதம் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. யாரும் என்னை வேலையை விட்டு அனுப்பியிருக்க மாட்டார்கள். ஆனால் தெரிந்தே அடித்தேன் என்று வெளியே வந்துவிடும். அதுவும் உங்கள் முன்னால். நாக்கு அதுவாகவே புரண்டது. "எனக்குத் தெரியாதுங்க. குடுத்தத அடிச்சேன்."

அவர் தோளைக் குலுக்கிக்கொண்டார். நீங்கள் மரத்தை விட்டு விலகி வந்தீர்கள். என் பக்கத்தில் நின்று, "நீ என்ன பண்ணுவ, பாவம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

மரம் விழுந்தபோது இரண்டு குஞ்சுகள் அங்கேயே செத்தன. மூன்றாவதைக் கோழிக்குஞ்சுகளை மூடி வைக்கிற கூடையில் எடுத்துவந்தீர்கள். ஓட்டு வீட்டுக் கூரைமேல் அந்தக் கூடையை மல்லாத்திக் கட்டி, தாய் வந்து பார்க்கட்டும் என்று காத்திருந்தீர்கள். உங்கள் வாழ்க்கையில் முதல் தடவையாக அவனுக்காக ஒரு கோழியை நீங்களே அறுத்தீர்கள். ஈரலைச் சிறிது சிறிதாக நறுக்கிக் குச்சியில் குத்தி நீட்டினால் அது வாயைத் திறந்தது. பெரியவை இரண்டு நாள் சுற்றி வந்தன. மூன்றாம் நாள் வரவில்லை. நான்காம் நாள் காலையில் குஞ்சு கூடைக்குள் குப்புறக் கிடந்தது. என் அறை ஜன்னலில் இருந்து நீங்கள் குழி தோண்டுவதைப் பார்த்தேன். வெளியே வர எனக்குத் துணிச்சல் இல்லை.

அந்த வருஷத்திலிருந்து நீங்கள் குஞ்சுகளுக்குச் சாயம் போடுவதை நிறுத்தினீர்கள். ஏன் அக்கா என்று கேட்டதற்கு, "யாருக்குப் பயந்து?" என்றீர்கள். ஐப்பசியில் ஒரு நாள் திடீரென்று "டிட்டூ, டிட்டூ" என்று சத்தம். கோழிகள் பதறி அடித்துக்கொண்டு திண்டாட, நீங்கள் கை மாவோடு வாசலுக்கு ஓடிவந்தீர்கள். கரண்டுக் கம்பியில் ஒரு கரிச்சான். அந்தக் கள்ளக் குருவி யார் குரலையும் எடுத்துக் கத்தும். "இவனா" என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்று கையில் ஒட்டிய மாவை உதிர்த்தீர்கள். உங்கள் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கக் கூடாது என்று திரும்பிக்கொண்டேன்.

இதையெல்லாம்கூட நான் தாங்கிக்கொண்டிருப்பேன். தாங்க முடியாதது நீங்கள் அதைச் சிரிப்பாக்கிக்கொண்டதுதான். பழி முழுவதையும் உங்கள் வாய்மேல் போட்டுக்கொண்டீர்கள். "மூணு பாஷை தெரியும்னு பவுசு காட்டினேன், மூணு குஞ்சு போச்சு." அப்புறம் யார் வந்து எது கேட்டாலும் ஒரே பாஷையில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வீர்கள். கன்னடக்காரர் வழி கேட்டாலும் தெலுங்கில் ஒரு தடவை சொல்லிவிட்டு, புரியாமல் அவர் நின்றாலும் உள்ளே போய்விடுவீர்கள். "ரெண்டாவது தடவ சொன்னா ரெண்டு வழியாயிடும்" என்று என்னைப் பார்த்துக் கண்ணடிப்பீர்கள். நானும் சிரிப்பேன். சிரித்தேனே அக்கா, என்னை என்ன சொல்வது. சந்தையில் மூன்று பாஷையில் பேரம் பேசி எல்லோரையும் சிரிக்க வைத்த மனுஷி, பேச்சைச் சுருக்கிக்கொண்டதற்கு நான் காரணம். பக்கத்தில் நின்று சிரித்ததும் நான்தான்.

கம்பெனிச் சுவர் உங்கள் கொல்லை வரைக்கும் வந்தது. பிறகு நீங்கள் போச்சம்பள்ளியில் மகள் வீட்டுக்குப் போனீர்கள். நான் அதே கம்பெனியில் பணி ஓய்வு வரைக்கும் இருந்தேன், டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. வருஷத்துக்கு இரண்டு தடவையாவது உங்களைப் பார்க்க வருவேன். ஒவ்வொரு தடவையும் பஸ்ஸில் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு வருவேன். நீங்கள் கதவைத் திறந்து "டைப்பம்மா" என்றதும் வாங்கி வந்த பழத்தை மட்டும் நீட்டுவேன். போன மார்கழியில் கடைசியாக வந்தேன். எலும்பும் தோலுமாகப் படுத்திருந்தீர்கள். எங்கே வலி அக்கா என்றேன். "டாக்டர்கிட்ட ஒரு பாஷையிலதான் சொன்னேன்" என்றீர்கள். "மூணுல சொன்னா மூணு வியாதின்னு எழுதிடுவாரு." உங்கள் மகள் சிரித்தாள், அவளுக்குக் கதை தெரியும். அவளுக்குத் தெரிந்தது உங்கள் கதை. நான் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே இருந்தேன். தை மாதம் நீங்கள் போய்விட்டீர்கள்.

பக்கத்து வீட்டுப் பெண் சொன்னது உண்மைதான் என்று தோன்றுகிறது. அந்த ஜாதி பிழைத்துக்கொண்டது. தோப்பு இல்லையென்றால் ரோட்டோர மரம், அதுவும் இல்லையென்றால் ஏ.சி. பெட்டி. ஆசியா முழுக்க இருக்கிறதாம், ஆப்பிரிக்காவில்கூட இருக்கிறதாம். உலகத்துக்கு அதைப் பற்றிக் கவலை வேண்டாம்தான். ஆனால் நீங்கள் உலகத்தைப் பற்றி யாரிடமும் கேட்கவில்லை. ஒரு மரத்தை, ஆனி வரைக்கும், ஒரு ஜோடிக்காகக் கேட்டீர்கள். அதற்கு "காமன்" என்று பதில் அடித்துக் கொடுத்தவள் நான்.

அவன் ஓணானைத் தின்று முடித்துவிட்டு அலகை ஏ.சி. பெட்டியில் துடைத்துக்கொண்டு போய்விட்டான். அவன் மிச்சம் வைத்த ஓணான் வாலை நான் இன்னும் கூட்டித் தள்ளவில்லை.

நீங்கள் சாகும்வரை உங்கள் வாயைத் திட்டிக்கொண்டிருந்தீர்கள். போதும் அக்கா. மூன்று பாஷையில் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. எனக்கு முதல் தடவையே புரிந்துவிட்டது.

உங்கள்
டைப்பம்மா